21 நாளில் முத்து முத்தான கையெழுத்து: 4,500 ரூபாய் கட்டிப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயிற்சி மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே சொல்லிக்கொடுத்த மிஸ் நல்லவர், பிள்ளைகளிடம் குரலே உயர்த்தாதவர். என் கோபமெல்லாம் அந்த நோட்டீஸ் மேல்தான். அதோடு இந்த மாதிரி வகுப்பு இப்போது ஊருக்கு நாலு இருக்கிறது, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்து, எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்து, காலாண்டு ரிசல்ட் வந்த பதற்றத்தில் பணத்தைக் கட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவன் போன வருடம் பத்தாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். நன்றாகப் படிப்பான், கேட்டால் கடகடவென்று சொல்வான், எழுதினால்தான் யாருக்கும் புரியாது. ஐந்தாவதில் இருந்தே இந்தக் கதைதான். எங்கள் அம்மா ஒவ்வொரு தடவையும் அவனுக்கு வக்காலத்து வாங்குவார், "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுப்பா, விடு" என்று. காலாண்டில் சமூக அறிவியலில் 61. விடைத்தாளின் முதல் பக்கத்தில் சார் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தார், அதை நான், மனைவி, அவன் மூன்று பேரும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்த பிறகுதான் "எழுத்தைத் திருத்தவும்" என்று தெரிந்தது.

அந்த வாரமே நியூஸ்பேப்பருக்குள் நோட்டீஸ். இடது பக்கம் "முன்" என்று ஒரு கிறுக்கல், வலது பக்கம் "பின்" என்று அச்சில் வார்த்தது போல ஒரு பக்கம். 21 நாள், தினம் மாலை ஒரு மணி நேரம், தமிழ் ஆங்கிலம் இரண்டும், 4,500 ரூபாய். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் ஹால். கட்டணத்தோடு ஒரு பை கொடுத்தார்கள்: நாலு கோடு நோட்டு மூன்று, இரட்டைக் கோடு நோட்டு இரண்டு, மையத்தின் பெயர் அச்சடித்த ஜெல் பேனா இரண்டு, பென்சிலில் மாட்டுகிற ரப்பர் பிடி ஒன்று. பத்தாவது படிக்கிற பையனிடம் பென்சில் ரப்பர் பிடியைக் கொடுத்தபோதே எனக்கு லேசாக உறைத்திருக்க வேண்டும்.

சேர்ந்த அன்றே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இரண்டு நிமிஷம், எவ்வளவு வேகமா முடியுமோ எழுது" என்றார்கள். பேனா அவன் சட்டைப்பையில் இருந்ததுதான், மூடி இல்லாத ஏதோ ஒன்று. தாளை எண் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வகுப்பில் என்ன நடந்தது? முதல் இரண்டு நாள் நேர்கோடு, சாய்கோடு, அரைவட்டம், சுழி. பிறகு பன்னிரண்டு நாள் ஆங்கிலம், அதுவும் கூட்டெழுத்து. தமிழுக்கு ஐந்து நாள். மிச்சம் இரண்டு நாள் "எக்ஸாம் ஸ்பெஷல்", அதில் தலைப்பைக் கறுப்புப் பேனாவில் எழுது, பென்சிலில் அடிக்கோடு போடு, ஓரம் விடு என்கிற விஷயங்கள். பள்ளியிலேயே ஆயிரம் தடவை சொன்னதுதான். மூன்றாம் வகுப்புக் குழந்தையும் என் பையனும் ஒரே பெஞ்ச், ஒரே நோட்டு, ஒரே "அ". தமிழ் மீடியத்தில் படிக்கிறவன், ஐந்து பாடத்தில் நாலைத் தமிழில் எழுதப் போகிறவன், ஆங்கிலக் கூட்டெழுத்தில் பெரிய எஃப்புக்கு வால் விடப் பழகினான். கேட்டேன். "கை வளைஞ்சிட்டா எந்த மொழியும் தானா வந்துடும் சார்" என்றார்கள். வரவில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், எழுத்து மாறியது. பதினைந்தாம் நாள் அவன் எழுதின பக்கத்தைப் பார்த்து என் மனைவி கண்கலங்கினாள், அவ்வளவு அழகு. 'ழ'வுக்குக் கால் சரியாக இறங்கியிருந்தது, 'ண'வுக்கு மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினோம், "இது யார் எழுதினது?" என்றார்.

கடைசி நாள் சான்றிதழ். கூடவே "முன்", "பின்" இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். "முன்" வெள்ளைத்தாள், அவன் பேனா, ஓட ஓட இரண்டு நிமிடம். "பின்" இரட்டைக் கோடு போட்ட தாள், அவர்கள் கொடுத்த ஜெல் பேனா, நேரக் கணக்கே இல்லை. "இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சுடா?" என்றேன். "முக்கால் மணி நேரம்ப்பா, தப்பு வந்தா வேற தாள் தருவாங்க." சரிதான். இரண்டு நிமிட ஓட்டத்தையும் முக்கால் மணி நேர உலாவையும் ஒப்பிட்டு 4,500 ரூபாய். எந்த மனிதனை இப்படி எழுத வைத்தாலும் வித்தியாசம் வரத்தான் செய்யும், நான் எழுதினாலும் வரும்.

அரையாண்டுத் தேர்வில் தெரிந்துவிட்டது. சமூக அறிவியல் தாளில் முதல் இரண்டு பக்கம் முத்து. மூன்றாம் பக்கம் முத்து கொஞ்சம் உருள ஆரம்பித்தது. ஐந்தாம் பக்கத்தில் பழைய கோழி திரும்பி வந்துவிட்டது, அதுவும் பசியோடு. அதைவிட மோசம், ஐந்து மதிப்பெண் கேள்விகளில் மூன்றை அவன் தொடவே இல்லை. பதில் தெரியாமல் இல்லை. "அழகா எழுதினேன்பா, மணி அடிச்சிட்டாங்க" என்றான். 54. அசிங்கமாக எழுதி 61 வாங்கியவன் அழகாக எழுதி 54. மையத்துக்கு ஃபோன் செய்தால், பழக்கம் கைக்குப் பிடிபட மூணு மாதமாவது ஆகும், அட்வான்ஸ் கோர்ஸ் சேருங்கள், பழைய மாணவர் என்பதால் 6,000தான் என்றார்கள். ஃபோனை வைத்துவிட்டேன்.

இனி உண்மையில் என்ன உதவியது என்று சொல்கிறேன். அதற்குக் காசு எதுவும் ஆகவில்லை, என் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த ஃபில்டர் காபியைத் தவிர.

அக்கா அரசுப் பள்ளி ஆசிரியர், பல வருடமாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறவர். பொங்கலுக்கு வந்திருந்தார். அட்டையைக் காட்டினேன், பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "இதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கோடா. அவன் அரையாண்டுப் பேப்பரை எடு" என்றார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் என்ன எழுத நினைத்தான் என்று யோசிக்காமல், கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை அப்படியே சத்தமாகப் படித்தார். "இநதிய நரட்டின... இது என்னடா, மககளதரகையா?" வீடே சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அவனுடைய எழுத்து முழுக்க மோசம் இல்லை. கெடுப்பது நாலைந்து எழுத்துகள்தான், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, கால். அவன் போடுகிற காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசமே இல்லை, 'நாடு' எப்போதும் 'நரடு'. இரண்டு, புள்ளி. பாதி இடத்தில் வைப்பதே இல்லை, வைத்தால் மேல் வரியில் போய் உட்காரும். "ஓலைச்சுவடியில புள்ளி வெச்சா ஓலை பொத்துக்கும்னு வெக்காம விட்டாங்க, உன் பேப்பர் பொத்துக்காதுடா" என்றார் அக்கா. அப்புறம் ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும், 'செய்தி'யும் 'சேய்தி'யும் அவன் கையில் ஒன்றுதான். 'ன', 'ண' சுழி எண்ணிக்கை. கடைசியாக ஒரு வேடிக்கை: அவன் 'லை', 'னை' எல்லாவற்றையும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதுகிறான். 1978இல் அரசாணை போட்டு மாற்றிய எழுத்து, 2009இல் பிறந்த பையனுக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், அவனுக்கு முதலில் சிலேட்டில் கைபிடித்து எழுதப் பழக்கியது எங்கள் அம்மா. அம்மா இன்றைக்கும் மளிகைச் சீட்டில் 'கடலை'யைத் தும்பிக்கையோடுதான் எழுதுவார். அது தப்பு இல்லை, ஆனால் அவன் வேகத்தில் எழுதும்போது அந்தத் தும்பிக்கை பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஐந்தை மட்டும் திருத்து, மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிவிட்டார். 21 நாள் வகுப்பில் ஒருவர்கூட அவனுடைய பழைய விடைத்தாளைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோய் என்ன என்று பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே மாத்திரை.

அடுத்தது நேரம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2 என்று எழுத வேண்டும், மொத்தம் 36 விடை, நூறு மதிப்பெண். கேள்வித்தாள் படிக்கக் கொடுக்கிற பத்து நிமிடமும் விவரம் சரிபார்க்கிற ஐந்து நிமிடமும் போக எழுத மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் ஐந்து மதிப்பெண் விடைக்கு ஒன்பது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அக்கா வைத்த பயிற்சி இதுதான்: தினம் ஒரு ஐந்து மதிப்பெண் விடை, கோடில்லாத தாளில், ஒன்பது நிமிடத்துக்கு ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டு. எழுதி முடித்ததும் அவன் படிக்கக் கூடாது, அந்தப் பாடமே தெரியாத இன்னொருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை நான்காவது படிக்கிற சின்னவளுக்கு. அவள் தடுமாறுகிற சொல்லை மட்டும் வட்டம் போடுவோம். முதல் நாள் 31 வட்டம். பிப்ரவரி கடைசியில் ஒன்பதோ பத்தோ. தங்கச்சியிடம் தினம் மானம் போவதைவிட ஒழுங்காகப் புள்ளி வைப்பதே மேல் என்று அவனுக்கே தோன்றியிருக்கும் போல.

கோடில்லாத தாள் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பில் 21 நாளும் கோடு போட்ட நோட்டுதான். பள்ளித் தேர்வில் கொடுத்ததோ வெள்ளைத்தாள். கோடு இல்லை என்றதும் இவன் வரி வலது பக்கம் போகப் போக மாடிப்படி ஏறும், கீழே வருகிற அடுத்த வரியும் கூடவே ஏறும், கடைசியில் மூலையில் முக்கோணமாக ஒரு வெற்றிடம். அதற்கு அக்கா சொன்ன வைத்தியம்: தாளை நேராக வைக்காமல் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து வை, சொல்லுக்குச் சொல் ஒரு எழுத்து அகலம் இடம் விடு, வரிக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் திணிக்காதே. தாள் மிச்சம் பிடித்து அரசாங்கத்துக்கு நீ லாபம் காட்ட வேண்டாம், கூடுதல் தாள் கேட்டால் கொடுப்பார்கள். இடம் விட்டதும் அதே கிறுக்கல் பாதி கிறுக்கலாகத் தெரிந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

ஒரு மதிப்பெண் கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். இவன் சோம்பலில் வெறும் (அ), (ஆ) என்று மட்டும் எழுதுவான், அதில் எது அ எது ஆ என்று அவனைப் பெற்ற எனக்கே தெரியாது. "அந்த ஒரு சுழியில பதினாலு மார்க் தொங்குது" என்றார் அக்கா. திருத்துகிறவர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய மாட்டார், காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, கையில் விடைக்குறிப்பு, அதில் உள்ள முக்கியச் சொல் தாளில் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். அழகுக்கு யாரும் தனியாக மார்க் போடுவதில்லை. ஆனால் எழுதியது படிக்க முடியவில்லை என்றால் எழுதாததற்குச் சமம். அதே மாதிரிதான் அடித்தலும். தப்பு வந்தால் ஒரே கோடு, அதோடு விடு. இவன் தப்பான சொல்லை ஒளித்துவைப்பது மாதிரி சுருள் சுருளாக அடிப்பான், பின்பக்கம் வரைக்கும் தெரியும்.

சரி, பேனாவுக்கு வருவோம், இதுவும் ரிவ்யூவில் சேர்த்திதான். வகுப்பில் கொடுத்த ஜெல் பேனா வழவழவென்று ஓடும். மெதுவாக எழுதும்போது அது சுகம், எழுத்து பளிச்சென்று இருக்கும். வேகமாக எழுதும்போது அந்த வழவழப்பே எமன், கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், சுழி எல்லாம் வாலாக நீளும். மையும் உடனே காயாது, ஏப்ரல் வெயிலில் வியர்த்த கை அதன் மேல் பட்டால் பக்கமே நீலம். இன்னொரு கோடியில், கடையில் டஜன் கணக்கில் கிடைக்கிற சில பால் பாயின்ட்களை அழுத்தினால்தான் எழுதும், இரண்டு மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பாரிமுனை போனோம், பந்தர் தெருவில் மொத்தவிலைக் கடைகளில் விதவிதமாகப் பத்துப் பன்னிரண்டு பேனா வாங்கி வந்து ஒவ்வொன்றிலும் அதே ஒன்பது நிமிட விடையை எழுதிப் பார்த்தான். கடைசியில் அவனுக்கு அமைந்தது நாமெல்லாம் எழுதின அதே ரெனால்ட்ஸ் 045தான், வெள்ளை உடல், நீல மூடி. தாளில் லேசாகப் பிடித்துக்கொண்டு எழுதுகிற அந்த உணர்வு அவனுக்குக் கட்டுப்பாடு கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு வேறு ஒன்று அமையலாம், விலையைப் பார்க்காதீர்கள், மூன்றாவது மணி நேரத்தில் எது ஒழுங்காக எழுதுகிறது என்று பாருங்கள். பேனாவை விட முக்கியம், அவன் அதைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தான், நுனிக்கு ரொம்பப் பக்கத்தில். ஒரு விரல் அகலம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னதும் கை வலி குறைந்தது. அப்புறம் ஜனவரியில் முடிவு செய்த பேனாவைப் பரீட்சை முடியும் வரை மாற்றவில்லை. பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு வந்த புதுப் பேனாவைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம், அம்மாவுக்கு வருத்தம்தான்.

இப்போது கொஞ்சம் சீரியஸாக ஒன்று. அந்த வகுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தது. எவ்வளவு முயன்றாலும் எழுத்து இடம் மாறும், பாதிச் சொல்லில் நின்றுவிடும், எழுத உட்கார்ந்தாலே அழுகை. அந்தப் பிள்ளைக்கும் அதே நாலு கோடு நோட்டுதான் கொடுத்தார்கள், "இன்னும் பிராக்டிஸ் வேணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். சில பிள்ளைகளுக்குச் சிரமம் சோம்பலால் வருவதில்லை, டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா மாதிரி கற்றல் குறைபாடு இருக்கலாம், அதற்கு வகுப்பு மருந்தில்லை, முறையான பரிசோதனை வேண்டும். மருத்துவச் சான்றிதழோடு பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் நம் தேர்வுத் துறையிலேயே உண்டு. தேர்வுக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. காசு வாங்குகிற பயிற்சி மையம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நான் போய்ச் சொன்னேன், அவருக்கு அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

பொதுத்தேர்வில் சமூக அறிவியலில் 83. எழுத்தால்தான் கூடியது என்று சத்தியம் செய்ய மாட்டேன், கடைசி இரண்டு மாதம் நன்றாகவும் படித்தான். ஆனால் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிவிட்டு வெளியே வந்தான், அது போதும். எழுத்து இப்போதும் கோழி கிண்டினதுதான், எந்தக் கோழி எங்கே கிண்டியது என்று மட்டும் இப்போது தெரிகிறது.

மதிப்பெண் போடச் சொன்னால் அந்த வகுப்புக்கு ஐந்துக்கு இரண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு அரைகூடத் தேறாது, ஆங்கிலக் கூட்டெழுத்து கற்கிற நேரத்தில் பழைய விடைத்தாளை எடுத்து உட்காருங்கள். அந்த இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்காக. மூன்றாவது, நான்காவது படிக்கிற குழந்தைகளுக்கு அந்தக் கோடும் சுழியும் உண்மையிலேயே நன்றாகப் பிடிபட்டது, நானே பார்த்தேன். மிஸ்ஸின் பொறுமையும் அதற்கு ஒரு காரணம்.

போன வாரம் மறுபடி நோட்டீஸ் வந்தது. இந்த வருடம் 5,200. இடது பக்கம் "முன்" என்று போட்டிருக்கும் கிறுக்கல் யாருடையது என்று முதலில் கண்டுபிடித்தது சின்னவள்தான், "இது அண்ணன் எழுத்து, இநதிய!" என்று கத்தினாள். ஃபோன் செய்து, கேட்காமல் எப்படிப் போட்டீர்கள் என்று சண்டை போட்டேன். மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த அச்சில் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள், தங்கையைச் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் குறைப்பதாகவும் சொன்னார்கள். சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.